சத்தமில்லாத பம்பு

நான்கு விசைத்தறிகள் ஓடும் வீட்டுக்கு, இருப்பதிலேயே சத்தம் குறைந்த தாய்ப்பால் பம்பு எதுவென்று பத்து நாள் உட்கார்ந்து படித்துத் தேர்ந்தெடுத்தவள் நான். பிள்ளை பிறந்தது நாற்பத்திரண்டு வயதில். புத்தி இன்னும் பிறக்கவில்லை.

அன்று நூல் எடுக்க மதுரைக்குக் கிளம்புமுன் மகனுக்கு ஒரு பாட்டில் பால் எடுத்து வைத்தாக வேண்டும். பேட்டரியில் ஓடும் அந்தப் பம்பை உள்ளாடைக்குள் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. அப்போதும் பம்பில் ஒரு முனகல்கூட இல்லை. என்ன அருமையான தேர்வு என்று பூரித்துப்போய்க் கழற்றினால், உள்ளே ஒரு சொட்டுப் பால் இல்லை. நான் பட்டனையே அமுக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் பிள்ளையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.

"இவனையும் கூட்டிட்டுப் போங்க மதினி. இவனுக்குப் பட்டன் அமுக்க வேண்டியதில்ல."