நூற்று இருபத்தோராவது தாள்

1991-ஆம் வருஷம், மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் ஒரு கணம் மாறும். நானோ வாரத்துக்கு இரண்டு முறை அந்த ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். செம்பரம்பாக்கம் தாண்டியதும் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸில் ஏறிப் பைகளைத் துழாவுவார். என் பையில் எப்போதும் கட்டுக் கட்டாகக் காகிதம்தான். "இன்னாம்மா இது?" என்று ஒருநாள் கேட்டார். "ஆராய்ச்சி" என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கிப் போனார்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சென்னையில் உளவியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் தயங்குகிற ரகம் இல்லை நான். இப்போதும் இல்லை என்று வீட்டில் புகார் உண்டு. வேலை செய்பவர்களின் ஊக்கம் பற்றி வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மாநாடு நடக்கவிருந்தது. அதற்கு ஒரு கட்டுரை அனுப்பி, அது தேர்வாகிவிட்டால் பிஎச்.டி.க்கு என்னைச் சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். தேர்வாகாமல் போகும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

ஆராய்ச்சிக்கு நான் பிடித்த இடம், பிள்ளைப்பாக்கம் தாண்டி ஒரகடம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலை. வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் தயாரிப்பார்கள். வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் லைனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து நடந்தும் கம்பெனி வேனிலும் வருவார்கள். அவர்களுக்காகப் பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தேன். 'காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உற்சாகமாக இருக்கிறது', 'மேலதிகாரிகள் என் யோசனையைக் கேட்கிறார்கள்', 'யாரும் பார்க்காவிட்டாலும் என் வேலையைச் சரியாகச் செய்வேன்' என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் முழுக்க உண்மை. பென்சிலால் வட்டம் போட்டால் போதும், பெயர் எழுத வேண்டாம்.

லைனை நிறுத்தி ஒவ்வொருவராகப் பேச மேனேஜர் அனுமதிக்கவில்லை. "கொடுத்துவிட்டுப் போங்கள், ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். நானும் கூடுதலாகச் சில தாள் சேர்த்து நூற்று இருபத்தைந்து தாள்களை சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து நூற்று இருபது நிரம்பி வந்தன. ஐந்து வெற்றுத்தாளாகத் திரும்பின. ஒரு கேள்வி விட்டுப்போகவில்லை, ஒரு தாள் கசங்கவில்லை. முடிவோ அதைவிட அழகு. எல்லாப் பெண்களும் ஊக்கத்தின் உச்சியில் இருந்தார்கள். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் கடுகளவு ஒரு நீலப் புள்ளி இருந்தது. சிலவற்றில் இரண்டு. அச்சகத்துக் கறை என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்தாயிற்று. பேராசிரியர் படித்துவிட்டுத் துறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது தொழிற்சாலை தரவேண்டிய ஒப்புதல் கடிதம் ஒன்றுதான். ஒரு வியாழக்கிழமை அதை வாங்கிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீசிலேயே பதிவுத் தபாலில் சேர்த்துவிடுவது என்று கிளம்பினேன். அன்று சேர்த்தால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும். படிவக் கட்டும் கூடவே இருந்தது. ஹாஸ்டல் அறையில் எலித் தொல்லை, அதனால் அதை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டே அலைந்தேன்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது பத்து மணி டீ இடைவேளை. பெண்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று கேன்டீனுக்குள் நுழைந்தேன். லைனின் கடைசி மேஜையில் உட்கார்ந்து செய்து முடித்த கட்டுகளைப் பரிசோதிக்கும் பெண் என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். அவளை எல்லோரும் செக்கர் என்றே கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும். காதோரம் ஒரு நீலப் பென்சில் எப்போதும் செருகியிருக்கும்.

"இன்னா மேடம், எங்க பேப்பரெல்லாம் பாஸ் ஆயிடுச்சா?"

"பிரமாதம். எல்லாமே நல்லா வந்திருக்கு."

"வராம இன்னா? என் டேபிள்ல பாக்காம இந்த லைன்லேர்ந்து ஒரு பீஸ் வெளிய போவாது. சில பேரு ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுகினு வந்தாளுங்க. இது ரிஜெக்ட்டு ஆயிடும், சரி பண்ணிகினு வாடின்னு திருப்பி அனுப்சிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டபோது விளங்கியது. சூப்பர்வைசர் படிவக் கட்டை அவள் மேஜையில் வைத்திருக்கிறார். அந்த லைனில் எதுவானாலும் அவளிடம் கொடுத்துத்தான் வெளியே போக வேண்டும். குறை இருந்தால் செய்தவளிடமே திரும்பும், சரி செய்துகொண்டு வரவேண்டும். அதற்குப் பெயர் ரீவொர்க். தேறிய ஒயர் கட்டுக்கு நீலப் பென்சிலால் ஒரு புள்ளி. ரீவொர்க் ஆகித் தேறியதற்கு இரண்டு. என் படிவங்களையும் அவள் அப்படியே பரிசோதித்திருக்கிறாள். குறைந்த எண்ணில் வட்டம் இருந்தால் அது குறை. நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்து, நூற்று இருபது தாளையும் பார்த்துத் தேற்றி அனுப்பியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது.

"உங்களை யார் பாக்கச் சொன்னாங்க?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "கொறை இருக்கிற பீஸ் வெளிய போச்சின்னா எங்களுக்குத்தான் மேடம் திட்டு வுழும். நீங்க படிக்கிற எடத்துல உங்களுக்கு அந்தத் திட்டு வரக்கூடாதுன்னுதான்" என்றாள். மணி அடித்தது. அவள் லைனுக்குப் போய்விட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீசில் கூட்டமில்லை. கவுண்டருக்கு முன்னால் போய் உறையை நீட்டப் போனேன். உள்ளதைச் சொல்கிறேன், நீட்டத்தான் போனேன். யாருக்குத் தெரியப்போகிறது? நீலப் புள்ளி என்றால் என்னவென்று அந்த மாநாட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு பிஎச்.டி. கிடைத்துவிடும், பேராசிரியருக்குப் பெருமை, அந்தப் பெண்களுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

இரண்டு புள்ளி வைத்த தாள்களைத் தனியாகப் பிரித்தேன். நாற்பத்தொன்று இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். அழித்த வட்டங்களின் தடம் காகிதத்தில் பதிந்திருந்தது. 'உற்சாகமாக இருக்கிறது' என்ற இடத்தில் முதலில் ஒன்று. 'யோசனையைக் கேட்கிறார்கள்' என்ற இடத்தில் ஒன்று, அதுவும் பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி. தாள் தாளாகப் பார்த்தேன். 'யாரும் பார்க்காவிட்டாலும்' என்ற கேள்வியில் மட்டும் எந்தத் தாளிலும் அழித்த தடம் இல்லை. அந்த ஐந்து, முதலிலேயே போட்ட ஐந்து.

வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் இந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைக் கூட்டினேனே தவிர, ஒன்றையாவது செக்கரைப் போல நிதானித்துப் பார்த்தேனா? தபால் ஆபீசுக்கு எதிர்க்கடையில் நீளத்தாள் ஒரு கொயர் வாங்கினேன். நடந்ததை நடந்தபடி, பேனாவால், கையெழுத்திலேயே எழுத ஆரம்பித்தேன். நான் படிவத்தை விட்டுவிட்டு வந்தது, செக்கரின் மேஜை, புள்ளிகள், அழித்த வட்டங்கள், அழிக்காத வட்டம், எல்லாம். தட்டச்சு செய்த கட்டுரையைத்தான் ஏற்போம் என்று மாநாட்டுக்காரர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு என்ன செய்வது, எழுதினேன். எழுதி முடித்தபோது இரண்டே முக்கால். இரண்டரைக்கு முதல் ஷிப்ட் விடும், கம்பெனி வேன் மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். செக்கர் ஸ்ரீபெரும்புதூர்க்காரி, அதில்தான் வந்து இறங்குவாள். கால் செருப்பு அறுந்துவிடும் வேகத்தில் போனேன்.

வேனிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். நான் விடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றாள், முகம் கொடுக்காமல். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்காரவைத்துத் தமிழில் சொன்னேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு இல்ல மேடம், நாப்பத்திமூணு" என்றாள் முடிவில்.

"நான் எண்ணிப் பாத்தேனே."

"கடைசி நாளு அவசரத்துல ரெண்டு தாளுக்கு ரெண்டாவது புள்ளி வெக்க மறந்துட்டேன். நீங்க எழுதினது தப்பு. ரீவொர்க் பண்ணுங்க" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. நான் அடித்துத் திருத்தினேன்.

பையைக் கட்டும்போது ஏதோ தோன்றியது. "இதுல உங்க தாள் எது? ஒரு புள்ளியா, ரெண்டு புள்ளியா?"

"நான் எழுதவேல்ல மேடம்."

"ஏன்?"

"நானே எழுதி நானே பாஸ் போடக் கூடாதில்ல? செக்கர் பீஸை வேற ஆளுதான் பாக்கணும். அங்க வேற ஆளு யாரு கீறாங்க?"

யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வேலை செய்தவள் அந்தத் தொழிற்சாலையில் ஒருத்தி இருந்தாள். என் ஆராய்ச்சியில் இல்லாமல் போனதும் அவள் ஒருத்திதான். திரும்பி வந்த ஐந்து வெற்றுத்தாள்களில் ஒன்றை எடுத்து நீட்டினேன். "இப்ப எழுதுங்க. மனசுல இருக்கிறதை. நான் பாக்கறேன்."

அவள் பெஞ்சில் குனிந்து, ஒவ்வொரு கேள்வியையும் உதட்டசைவில் படித்து எழுதினாள். உற்சாகத்துக்கு இரண்டு. யோசனை கேட்பதற்கு ஒன்று. யாரும் பார்க்காவிட்டாலும் என்ற கேள்வியில் சற்றுக்கூட நிற்காமல் ஐந்து. பிறகு தாளோடு நீலப் பென்சிலையும் என்னிடம் கொடுத்தாள். "நல்லா பாருங்க மேடம். பாத்துட்டுப் புள்ளி வைங்க."

மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். கீழ் மூலையில் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். பென்சிலை அழுத்திவிட்டேன், புள்ளி பெரிதாகிவிட்டது. அவள் அதைப் பார்த்து, "பழகிடும்" என்றாள்.

மூன்றரைக்கு உறையைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். மறுநாள் செய்ததைச் சொன்னதும் பேராசிரியர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அதற்கடுத்த வாரமும் பேசவில்லை. கையெழுத்துக் கட்டுரையை ஏற்பது வழக்கமில்லை என்று கண்டித்துவிட்டு, கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குவதாக மாநாட்டிலிருந்து கடிதம் வந்தது. அரங்கம் பாதி தூக்கத்தில் இருக்கும் நேரம். நான் நீலப் புள்ளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் முன்வரிசையில் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் அரைமணி நேரமாக நீண்டது. பேராசிரியர் வாக்குத் தவறவில்லை, பிஎச்.டி.யில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் நான் அங்கே போனபோது செக்கர் மேஜையில் வேறொரு பெண் இருந்தாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இப்போது நான் மாணவர்களின் ஆய்வுகளைப் பார்த்துக் கையெழுத்திடும் இடத்தில் இருக்கிறேன். எந்தக் கணக்கிலும் சேராத அந்த நூற்று இருபத்தோராவது தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். என் வேலையை வேறு ஒருவர் பார்க்க வேண்டும் என்றால், முப்பது வருஷத்துக்குப் பிறகும் அது அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.