கீழ்வீட்டுக்காரரின் தோட்டா மெஷின்

நோர்வேயில், ரொம்சோஸ் அடுக்குமாடியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் நோர்வேஜியர், வேட்டைக்காரர். ஒவ்வோர் இலையுதிர்காலமும் எங்களுக்கு மான் இறைச்சி தருவார். ஒருநாள் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய், வெற்றுத் தோட்டாக்களில் மறுபடி வெடிமருந்து நிரப்பும் பழைய கைமெஷினைக் காட்டினார்.

"இளமையில் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன்" என்றார் பெருமையாக.

என் கண்ணோ பக்கத்தில் குவிந்திருந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளில் நின்றது. சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் வீட்டு வளவெல்லாம் இப்படியான கோதுகள்தான் கிடந்தன.

மேலே வந்ததும் மனைவியிடம், "பிள்ளையளை அந்த வீட்டுப் பக்கம் விடாதையும்" என்றேன்.

"என்னப்பா, அந்தாள் நல்ல மனிசன்."

"எண்டாலும் வேண்டாம்."

அடுத்த இலையுதிர்காலம் இறைச்சியோடு வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார். "பிள்ளைகள் கீழே வருவதையே நிறுத்திவிட்டார்களே. மெஷினை வாங்க வந்தவர் கேட்ட விலைக்கே விற்றுவிட்டேன். இனிப் பிள்ளைகள் பயப்பட வேண்டாம்."

நன்றி சொல்லி இறைச்சியை வாங்கிக்கொண்டேன். பயந்தது பிள்ளைகள் அல்ல, நான்தான் என்று இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.