துப்பாக்கிக்கு டோக்கன் கொடுத்த கதை

மத்தியானம் இரண்டே கால் மணி. ஓர் அம்மா பன்னிரண்டு சாப்பாடு இருந்த கட்டைப்பையை என் மேஜையில் நங்கென்று வைத்தார். "தம்பி, இந்தச் சாம்பாரை வச்சுத்தான் நான் பன்னி வெரட்டணுமா?" என்று கேட்டார். முப்பத்தோரு வருஷம் ஓட்டலில் இருந்தவன் நான். சாம்பாரில் பல்லி, பந்தியில் அடிதடி எல்லாம் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். இதற்கு மட்டும் பையைத் திறந்து சாம்பாரை எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது.

ஓட்டல் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சூப்பர்வைசராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவன். ஓட்டல் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில், பஸ் நின்று போகிற ஒரு ரோட்டோர ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம். எதிரே போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, அவர்களும் படிப்பார்கள்.

1. போர்டு

எங்கள் முதலாளி மகளைப் பார்க்க அமெரிக்கா போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிட்டு ஓட்டல் கதவுல துப்பாக்கிப் படம் போட்டு, குறுக்க ஒரு கோடு இழுத்திருக்கான்யா. துப்பாக்கியோட உள்ள வராதேன்னு அர்த்தம். நம்ம கதவுல என்ன இருக்கு? 'தள்ளு'ன்னு இருக்கு."

"மொதலாளி, நம்ம ஊர்ல யாரு துப்பாக்கியோட இட்லி திங்க வாரா?"

"வந்தா?"

மூன்றாம் நாள் பிளக்ஸ் வந்தது. பிளக்ஸ்காரர் எங்கேயோ தேடிப் பிடித்து, மிலிட்டரிக்காரர்கள் வைத்திருக்கிற பெரிய மிஷின் கன் படத்தைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே முதலாளி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் வந்தவன் போனவன் எல்லாம், "ஏன் சார், இங்க சுட்டுக்கிட்டாங்களா?" என்று கேட்டான். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

போர்டில் முதலில் மாட்டியவர் பேங்க் கேஷ் வேன் செக்யூரிட்டி. ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், நல்ல மனுஷர், காலையில் பொங்கலுக்கு வருவார். துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

"இது செருப்பு இல்ல சார், கழட்டி வாசல்ல விட்டுட்டு வர. இது என் கையை விட்டுப் போனா என் வேலை போயிரும்" என்றார்.

சொல்லிவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்து, மடியில் துப்பாக்கி, அதன்மேல் பொங்கல் தட்டு என்று சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். முதலாளிக்கு மானம் போய்விட்டது. ஆனால் அந்த மிலிட்டரிக்காரர் சொன்னதில் அவருடைய காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

"செருப்புன்னு சொன்னாருல்ல, அப்பத்தான்யா தோணுச்சு! கோயில்ல செருப்புக்கு டோக்கன் குடுக்குறான்ல? அதே மாதிரி குடுத்துருவோம்."

சரியான யோசனை என்று தலையாட்டினேன். முதலாளியை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை.

2. ஒன்றாம் நம்பர்

எங்கள் பார்சல் கவுண்டரில் அலுமினிய டோக்கன்கள் உண்டு. ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு. ஒன்றைப் பையில் கட்டுவோம், ஜோடியைக் கஸ்டமர் கையில் கொடுப்போம். இதில் ஒன்றாம் நம்பர், தினம் மத்தியானம் பன்னிரண்டு சாப்பாடு வாங்குகிற எதிர் ஸ்டேஷனுக்கு என்று வெகுகாலமாக வழக்கம். ஏட்டையா வந்து கையை நீட்டுவார். பார்சல் மாஸ்டர் சேகர் ஒன்றாம் நம்பர் கட்டிய பையை எடுத்துக் கொடுப்பார். பேச்சே இருக்காது.

அப்போது தேர்தல் அறிவித்திருந்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், ரிசல்ட்டுக்கு அப்புறம் திருப்பித் தருவார்கள். கடைசி நாளன்று ராசாத்தி அக்கா வந்தார். முந்திரிக் காடும் கடலைக் கொல்லையும் வைத்திருப்பவர். ரசீது எழுதுகிற ரைட்டர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், இரண்டரைக்கு வா என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்களாம். காத்திருக்கிற நேரத்தில் சாப்பிடலாம் என்று, எங்கள் பார்சல் பை மாதிரியே ஒரு கட்டைப்பையோடு உள்ளே வந்தார்.

"பையில என்னக்கா?"

"துப்பாக்கி தம்பி. முழுசா கொண்டாந்தா கண்டக்டரு பஸ்ஸுல ஏத்த மாட்டாரு. கழட்டிப் போட்டிருக்கேன்."

குழாய் தனி, கட்டை தனி. அவர் வீட்டுக்காரர் பெயரில் இருந்த லைசென்ஸாம். அவர் தவறியபின் தன் பெயருக்கு மாற்ற இரண்டு வருஷம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்திருக்கிறார். பன்னி கொல்லையில் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெத்து வெடி, அவ்வளவுதான் அதற்கு வேலை. அது இல்லாவிட்டால் வெள்ளாமை வீடு வந்து சேராது.

நான் போர்டைக் காட்டினேன். டோக்கனையும் காட்டினேன்.

"இதையெல்லாம் கையை விட்டுக் குடுக்கலாமா தம்பி?"

"டோக்கன் இருக்குக்கா, எதுக்குப் பயப்படுறீங்க?"

வாங்கிவிட்டேன். எங்கள் ஓட்டலில் டோக்கன் போட்ட முதல் துப்பாக்கி. ஒன்றிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும் என்று ஆணியில் தொங்கிய ஒன்றாம் நம்பர் ஜோடியை எடுத்து, ஒன்றைப் பையில் கட்டி இன்னொன்றை அவரிடம் கொடுத்தேன். ஸ்டேஷன் ஞாபகமே வரவில்லை. அதோடு விட்டேனா? கஸ்டமர் யாரும் பார்த்து மிரளக் கூடாது என்று குழாயைப் பேப்பரில் சுற்றி, மேலே வாழை இலையையும் சுற்றி, பார்சலுக்கு வைக்கிற இலைக்கட்டு மாதிரியே பையிலிருந்து தலை நீட்டும்படி வைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏட்டையா வந்தார். சேகர் ஒன்றாம் நம்பர் பையைக் கொடுத்தார். ஏட்டையா தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா கனமே இல்ல? சோத்தைக் கொறைச்சுட்டீங்களா?" என்றாராம். "அதெல்லாம் அளவாத்தான் சார் இருக்கும்" என்றாராம் சேகர்.

அப்புறம் ராசாத்தி அக்கா கை கழுவிவிட்டு டோக்கனை நீட்டினார். டோக்கன் கட்டாத பை ஒன்றுதான் மிச்சம் இருந்தது, ஸ்டேஷனுக்குக் கட்டி வைத்த சாப்பாடு. சேகர் டோக்கனைக்கூட வாங்காமல் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

3. ரோட்டைத் தாண்டி

நடந்தது புரிந்ததும் வாசலுக்கு ஓடினேன், ஏட்டையா அதற்குள் துப்பாக்கிப் பையோடு ரோட்டைத் தாண்டியிருந்தார். அக்கா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "லைசென்ஸ் போச்சு. ரெண்டு வருசம் நடந்து வாங்குனேன். ஒரு வேளைச் சோத்துக்காகத் தொலைச்சுட்டேனே" என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலாளியிடம் ஓடினேன். "நீ போயிட்டு வாய்யா, நான் கல்லாவைப் பாத்துக்கிறேன்" என்றார். கல்லாவை யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு அக்காவும் நானும் ரோட்டைத் தாண்டினோம். ஸ்டேஷனில் எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றார்கள். கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர்கள். நடுவில் விரித்த வாழை இலை, அதன்மேல் துப்பாக்கிக் குழாய், பக்கத்தில் யாரோ பழக்கதோஷத்தில் வைத்துவிட்ட தண்ணீர் டம்ளர். ஏட்டையா முகத்தில் ஈயாடவில்லை. எஸ்.ஐ. என்னைப் பார்த்தார்.

"இது என்னய்யா, ஸ்பெஷல் மீல்ஸா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"அந்தம்மா துப்பாக்கியைக் கைமாத்துனது தப்பு. லைசென்ஸ் கேன்சல் ஆயிரும். நீ வாங்குனது அதைவிடத் தப்பு. ஒம்மேல கேஸு. அதைப் பார்சல்ல குடுத்தான் பாரு, அவன்மேல கேஸு."

ராசாத்தி அக்காதான் பேசினார்.

"சரிங்கய்யா, நான் செஞ்சது தப்புத்தான். எழுதுங்க. எங்கையிலேருந்து இந்தத் தம்பி கைக்கு. இவரு கையிலேருந்து பார்சல் தம்பி கைக்கு. அங்கிட்டேருந்து இங்கிட்டு ரோட்டைத் தாண்டிக் கொண்டாந்தது யாருன்னும் எழுதுவீங்கள்ல?"

எஸ்.ஐ. ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா மின்விசிறியைப் பார்த்தார். அப்போதுதான் கோர்ட்டிலிருந்து வந்து சேர்ந்த ரைட்டர், என் கையில் இருந்த பையை மோந்து பார்த்துவிட்டு, "அய்யா, சோறு ஆறுதுங்கய்யா" என்றார்.

எஸ்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏம்மா, துப்பாக்கியை ஒப்படைக்கத்தானே வந்தீங்க?"

"ஆமாங்கய்யா."

"துப்பாக்கி ஸ்டேஷனுக்கு வந்துருச்சா?"

"எனக்கு முன்னாடியே வந்துருச்சுங்கய்யா."

"தோட்டா?"

அக்கா சுருக்குப் பையை அவிழ்த்து, கொட்டைப்பாக்கோடு கிடந்த இரண்டு தோட்டாவை எடுத்து வைத்தார். எஸ்.ஐ. துப்பாக்கி நம்பரை லைசென்ஸோடு சரிபார்த்துவிட்டு, "ரைட்டர், ரசீது எழுதுங்க. பையில கொண்டாந்தாங்கன்னு எழுதுங்க. என்ன பைன்னு எழுத வேணாம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் போர்டைக் கழட்டலேன்னா ஒன்னையக் கழட்டிப்புடுவேன்."

ரசீது கைக்கு வந்தபின்தான் அக்கா அழுதார்.

4. ஏழாம் டேபிள்

போர்டு அன்றைக்கே இறங்கிவிட்டது. முதலாளி படம் மட்டும் வேண்டும் என்று வெட்டி எடுத்துக்கொண்டார். நான் சாக்பீஸில் ஒரு பலகையில் எழுதி மாட்டினேன்: 'துப்பாக்கி உள்ளவர்கள் ஏழாம் டேபிள். துப்பாக்கி அவரவர் கையில்.' ஏழாம் டேபிள் சுவரைப் பார்த்த மூலை. மிலிட்டரிக்காரர் மறுநாளே படியிலிருந்து உள்ளே வந்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கஸ்டமர் கையை விட்டு வைக்கக் கூடாத பொருளை நீ வாங்கி வைக்காதே. டோக்கன் கொடுத்துவிட்டால் பொறுப்பு கைமாறிவிட்டது என்று நினைக்காதே. இதை அந்த மிலிட்டரிக்காரர் முதல் நாளே சொன்னார், நாங்கள்தான் செருப்பை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ரிசல்ட் வந்து நாலைந்து நாள் கழித்து ராசாத்தி அக்கா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நேரே ஓட்டலுக்கு வந்தார். ஏழாம் டேபிளில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். கடலை எப்படி என்று கேட்டேன். "பாதி பன்னிக்கி, பாதி எனக்கு. லைசென்ஸ் இருக்குல்ல, அடுத்த வெள்ளாமையில பாத்துக்கிறேன்" என்றார். பிறகு இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். ஒன்றாம் நம்பர் டோக்கன். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"இதைக் குடுத்தா இப்ப என்ன தருவீங்க தம்பி?"

"சாப்பாடுதான்க்கா."

"அப்ப அதை மட்டும் குடுங்க."