வெட்டிய தழை அவருக்கே சொந்தம்

நேற்றுக் காலை என் வீட்டு வேலியை வெட்டச் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டார் வேலி கான்ட்ராக்டர் கருப்பணன்!

என் வீடு. என் வேலி. அதை வெட்டுவது அவர் பொறுப்பு என்று முத்திரைத் தாளில் எழுதி, அவரே கைநாட்டு வைத்திருக்கிறார். ஆனாலும் மாட்டாராம். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல முடியும்.

தாடிக்கொம்பு ரோட்டில், திண்டுக்கல் முடிந்து காடு கரை ஆரம்பிக்கிற இடத்தில் என் வீடு. காலையும் மாலையும் வாசல் வழியாக ஆட்டு மந்தை போகும். வேலி இல்லாமல் ஒரு கீரைத் தண்டுகூட மிஞ்சாது. கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், மூன்று வருஷத்துக்கு முன்னால், சைக்கிளில் வந்து இறங்கினார் கருப்பணன்.

"கம்பி துருப்பிடிச்சுப் போகும்யா. கிளுவை மரத்துக் கொப்பைப் போத்துப் போத்தா வெட்டியாந்து நட்டா உசுரோட நிக்கும். ரெண்டு மழை பேஞ்சாப் போதும், ஒரு கோழி உள்ள நுழையாது."

"சரி, அப்புறம் அதைப் பராமரிப்பது யார்?"

"நாந்தேன். பட்டுப்போன போத்தைப் பிடுங்கிட்டு வேற நடுவேன், தழையக் கழிச்சு விடுவேன். அதுக்கெல்லாம் கூலி வேணாம்யா. வெட்டுற தழைய மட்டும் எனக்கு விட்டுருங்க. அம்புட்டுத்தேன்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தழையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? உடனே முத்திரைத் தாள் வாங்கினேன். இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன் அல்லவா! ‘வேலியை வெட்டிச் சீர்செய்வது மேற்படி கருப்பணன் பொறுப்பு, வெட்டிய தழையும் கொப்பும் அவருக்கே சொந்தம்’ என்று நானே எழுதி, இரண்டு தடவை வாசித்தும் காட்டினேன். பத்திரிகையில் நான் எழுதும் இதே பகுதியில் அதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

அன்றைக்கு என் மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏங்க, அவரு வீட்டுல ஆடு இருக்கா?"

பத்திரம் எழுதும்போது ஆடு எங்கே வந்தது என்று எரிந்து விழுந்தேன்.

ஐப்பசி மழையில் வேலி துளிர்த்தது. இடுப்பளவு வந்ததும் கருப்பணன் வந்தார். அரிவாளை எடுத்தார். முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். "அடி பருக்கணும்யா" என்றார். மறுபடி வளர்ந்தது, மறுபடி வெட்டினார். "கழிச்சாத்தேன் அடர்த்தியாகும்" என்றார். ஒவ்வொரு தடவையும் சைக்கிள் கேரியர் கொள்ளாமல் தழைக்கட்டு போகும். கூப்பிடாமலே வேலைக்கு வருகிற ஆளை இந்தக் காலத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? நான் அவருக்கு மோர் கொடுத்தேன் ஐயா! உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு...

வேலிக்கு உள்ளே என் மனைவி பன்னிரண்டு மல்லிகைச் செடி வைத்திருந்தாள். மகளுக்குக் கல்யாணமான வருஷம் வைத்தது. இந்த வைகாசியில் மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. தன் செடியில் அரும்பிய மொட்டை வைத்துத்தான் மகளுக்குச் சடை தைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தினமும் செடி செடியாகப் போய் மொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வளைகாப்பு. செவ்வாய்க்கிழமை காலை காபி டம்ளரோடு வெளியே வந்து பார்க்கிறேன் — மல்லிகைக்கு நடுவே நான்கு ஆடுகள்! கொழுந்து, மொட்டு, ஒன்று பாக்கியில்லை. முழங்கால் உயர வேலியை ஆடு தாண்டுவதற்கு என்ன கஷ்டம்? நான் கத்தினேன். அவை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரோட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. நான்கும் காதைத் தூக்கிக்கொண்டு அந்தக் குரலை நோக்கி ஓடின. குரலுக்குச் சொந்தக்காரர்... வேறு யார்? கருப்பணன்!

"நம்ம உருப்படிகதேன்யா. கயித்த அத்துக்கிட்டு வந்துருச்சுக."

"வேலி எங்கேய்யா?"

"நிக்குதேய்யா."

"முழங்கால் உயரத்துக்கு நிக்குது! உன் ஆட்டுக்குத் தழை வேணும்னு என் வேலியை வளரவிடாம வெட்டியிருக்கே!"

உள்ளே ஓடிப்போய்ப் பத்திரத்தை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் பதறவே இல்லை.

"உசரம் எம்புட்டுன்னு இதுல போடலையேய்யா. வெட்டுன தழை எனக்குன்னு நீங்கதானே ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனீங்க?"

இருபத்தெட்டு வருஷத்தில் எந்த வக்கீலும் என் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்ததில்லை. கைநாட்டு வைத்தவர் கண்டுபிடித்துவிட்டார்! போலீஸ், கோர்ட், நஷ்டஈடு என்று தெருவே கூடுகிற அளவுக்குச் சத்தம் போட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

அப்போதுதான் என் மனைவி வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆடு தின்று மொட்டையாகிப்போன ஒரு கொப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்.

"நாளான்னைக்கு எம் மகளுக்கு வளைகாப்புய்யா. இந்த மொட்டுலதான் அவளுக்குச் சடை தைக்கணும்னு இருந்தேன்."

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. உள்ளே போய்விட்டாள். கருப்பணன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் வாசலில் சைக்கிள் மணி. கருப்பணனும் அவர் சம்சாரமும் நிற்கிறார்கள். ஓலைக்கூடையில், ஈரத் துணிக்குக் கீழே, கூடை நிறைய மல்லிகை மொட்டு! சின்னாளபட்டிப் பக்கம் கொழுந்தியாள் தோட்டத்துக்கு முதல்நாளே போய்த் தங்கி, இருட்டோடு பறித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மாளே உட்கார்ந்து என் மகளுக்குச் சடை தைத்தார். சடையைப் பார்த்து என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கோபம் போயிற்றா? அது எப்படிப் போகும்? முத்திரைத் தாளுக்கு மசியவில்லை, போலீசுக்கு மசியவில்லை, என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். இவள் இரண்டு வாக்கியம் சொன்னால் சின்னாளபட்டிக்கு சைக்கிள் மிதிக்கிறார்! அப்படியானால் நான் இருபத்தெட்டு வருஷம் எழுதியதெல்லாம் எதற்கு?

அதற்குப் பிறகு கருப்பணன் அந்த வேலியில் அரிவாள் வைக்கவே இல்லை. ஆடுகளுக்கு வேறு எங்கேயோ தழை பார்த்துக்கொண்டார். பட்டுப்போன போத்தைப் பிடுங்கிவிட்டுப் புதுசு நட்டார். இந்த ஐப்பசி மழைக்கு வேலி என் தலைக்கு மேலே போய்விட்டது. மல்லிகை மறுபடி தழைத்துவிட்டது. உள்ளே பேத்தி தொட்டிலில் தூங்குகிறாள். எல்லாம் சரி... வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எனக்கு ரோடு தெரியவில்லையே! தபால்காரர் வருகிறாரா, பஸ் போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை.

அதனால்தான் நேற்று, ஒரு முழம் குறைத்துவிடய்யா என்றேன். பத்திரத்தையும் காட்டினேன்.

"தாயி சொல்லட்டும்யா" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

தாயியிடம், அதாவது என் மனைவியிடம், கேட்டேன். பேத்தியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வளரட்டுங்க" என்றாள்.

எவ்வளவு உயரம் என்று இந்தத் தடவையாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். கேட்கத்தான் பயமாக இருக்கிறது!