தாமதமாகத் திறந்த இடது குழாய்

‘இடது கருக்குழாய் தாமதமாகத் திறந்தது.’ சென்ற ஆடி மாதம் கோவையில் எனக்கு எடுத்த எக்ஸ்ரே அறிக்கையைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். ஏன் தாமதம் என்று அதில் இல்லை.

எனக்கு இருப்பதே அந்த ஒரு குழாய்தான். முதல் கரு கருப்பைக்கு வராமல் வலது குழாயிலேயே தங்கிவிட்டதால், அந்தக் குழாயையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். இடதும் அடைத்திருந்தால் இயல்பாகக் கருத்தரிக்க வழியில்லை என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

எக்ஸ்ரே எடுத்த அன்று கணவருக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு லோடு ஏற்றும் வேலை. துணைக்கு மாமியார் வந்தார். பஸ் துடியலூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என் குறையைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்தினார்கள். நான் கேட்டதால் திரையை என் பக்கம் திருப்பினார்கள். கருப்பை சிறு முக்கோணமாக நிரம்பியது. இடது மூலையில் மருந்து அப்படியே நின்றுவிட்டது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது.

“இப்பவே அடைப்புன்னு சொல்ல முடியாதுங்க. தசை இறுக்கிப் பிடிச்சாலும் இப்படித்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்” என்றார் டாக்டரம்மா.

அப்போது கதவுக்கு வெளியே மாமியார் நர்ஸிடம் பேசுவது கேட்டது.

“ஏனுங்க அம்மணி, எங்க தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் உப்புல அடைச்சா ஆசிட் உட்டுத்தான் எடுப்போமுங்க. இவளுக்கு அதெல்லாம் உட்டுப்போடாதீங்க. புள்ள தாங்க மாட்டா.”

டாக்டரம்மாவின் முகக்கவசம் குலுங்கியது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபடி மருந்து செலுத்தியபோது, திரையில் நூல்போல ஒரு கோடு நெளிந்து நீண்டு, நுனியில் புகையாகப் பரவியது.

வெளியே வந்து, குழாய் திறந்திருக்கிறது என்றேன்.

“ஆசிட் உடலியே கண்ணு?”

“இல்லீங்க அத்தை.”

பஸ் ஏறும்வரை அவர் என் கையை விடவில்லை.

அடுத்த முறை போனபோது, சிரித்ததால்தான் திறந்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். காத்திருந்ததாலும் இருக்கலாம், மருந்தின் அழுத்தத்தாலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். தேடிப் படித்தும் பார்த்தேன். இறுகிய குழாய் தானாகத் தளர்வதுண்டு என்பதுவரை உறுதி. அன்று தளர்த்தியது கதவுக்கு வெளியே கேட்ட குரல்தான் என்று நம்பவே எனக்கு விருப்பம். ஆனால் அது இன்றுவரை உறுதிசெய்யப்படாதது.