சாலமன் அண்ணன் லிஸ்ட்ல வனஜா நாலாவது

சாலமன் அண்ணன் போயிட்டாரு.

நேத்து காலைல, மண்ணூர் வூட்லயே. இன்னிக்கு மத்தியானம் எடுத்தாச்சு. இப்பதான் வந்து குளிச்சிட்டு உக்காந்தேன்.

ஃபேஸ்புக்க தொறந்தா எல்லாரும் 'வாலாஜாபாத் வனஜா' பாட்ட போட்டு 'வனஜா புகழ் சாலமனுக்கு அஞ்சலி'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க. போதும்பா... கொஞ்சம் நிறுத்துங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நாங்க வேல செஞ்ச பார்ட்ஸ் கம்பெனில அவரு லேத் ஆபரேட்டர். லீவு நாள்ல எலெக்ட்ரிக் கிட்டார். அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டு, தமிழ்ல ராக் பாட்டு. மொத்தம் நாலு கேசட்.

கம்பெனி பஸ்ல 'ராக் ஸ்டாரு'ன்னு கூப்புடுவோம். மொதல்ல கிண்டலாத்தான். அப்புறம் நெசமாவே வாய்ல வந்துடுச்சு.

அந்த நாலுல வித்தது ஒண்ணே ஒண்ணு. 'வாலாஜாபாத் வனஜா'. குன்றத்தூர்லேருந்து காஞ்சிபுரம் வரைக்கும் டீக்கடை, ஆட்டோ, சலூன்... எங்க போனாலும் வனஜாதான்.

அந்த நாலுல எது ஒசத்தின்னு அவரு வெச்சிருந்த லிஸ்ட் வேற. பஸ்ல எவன் கேட்டாலும் வெரல் விட்டு சொல்லுவாரு. ஒண்ணு, 'கரண்ட் இல்லாத ஊரு'. ரெண்டு, 'இரும்புத் தூசி'. மூணு, 'ஞாயித்துக்கிழமை'. நாலாவது வனஜா.

"அஞ்சாவதா ஒண்ணு போட்டேன்னா வனஜா அஞ்சாவதுடா" அப்படிம்பாரு.

நான் விட மாட்டேன், சண்ட போடுவேன். உண்மையச் சொல்லணும்ல... எனக்கு வனஜா புடிக்கும். ரெண்டாவது இடம் குடுண்ணா, அந்த ட்யூனு சும்மா இல்லண்ணான்னு கேப்பேன். அவரு மூஞ்ச ஜன்னல் பக்கம் திருப்பிக்குவாரு.

பாவம், அந்தப் பாட்டுலேருந்து அவரால வெளியவே வர முடியல. கல்யாணத்துக்குப் போனா வனஜா பாடச் சொல்லுவாங்க. ரேஷன் கடைக்காரரு அவரு சம்சாரம் எஸ்தர் அண்ணிய 'வாம்மா வனஜா'ன்னு கூப்புடப் போயி, அவங்க பைய அங்கயே போட்டுட்டு வந்துட்டாங்களாம். சர்ச்சுல அவரு கிட்டார எடுத்தாலே பின் பெஞ்சுல சிரிப்பு.

1991. அந்த மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் எங்க ஊர்ப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு இருந்தவங்களுக்குத் தெரியும். எங்கயும் மைக் செட் கட்ட வுடல. அஞ்சு மாசம் ஒரு கச்சேரி கெடையாது.

ஆயுத பூஜை வந்துச்சு. கம்பெனி காம்பவுண்டுக்குள்ளதானே, பாட்டு வெச்சுக்கலாம்னுட்டாங்க. ப்ரோக்ராம் பொறுப்பு என்கிட்ட. நான் அப்ப ட்ரெய்னி... அந்த மாசம்தான் பர்மனென்ட் லிஸ்ட் வரணும்.

மெஷினெல்லாம் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுக்கினு இருந்தோம். சாலமன் அண்ணன் கர்த்தர் ஆளு, ஆனா அவரு லேத்துக்கு அவருதான் பொட்டு வெப்பாரு, வேற யாரையும் தொட வுட மாட்டாரு. பொட்டு வெச்சுக்கினே சொன்னாரு.

"ஒரு தபா மட்டும்டா. 'கரண்ட்' கேசட்டு பாட்ட மட்டும் பாடிட்டு எறங்கிடறேன். வனஜா வேணாம்."

அந்தப் பொட்டு வெச்ச லேத் மேலயே கைய வெச்சு சத்தியம் பண்ணேன்.

உங்களுக்குத் தெரியும், நம்ம பக்கம் கச்சேரின்னா ஜனங்க பாட்டு கேட்டு சீட்டு அனுப்புவாங்க. மெஷின்ல வேலைக் கணக்கு எழுதற ஜாப் கார்டு பின்னாடி எழுதி அனுப்புனானுங்க. வந்ததெல்லாம் வனஜா. அத்தனையும் என் பேன்ட் பாக்கெட்ல தள்ளிட்டேன். அது வரைக்கும் நான் ஒழுங்கு.

அவரு ரெண்டு பாட்டு பாடினாரு. கண்ண மூடிக்கினு... அந்த மாதிரி நான் அவரப் பாத்ததே இல்ல. ஜனம் பொரி தின்னுக்கினு இருந்துச்சு, ஒருத்தனும் கைதட்டல. மூணாவது பாட்டு ஆரம்பிச்சாரு.

முன் வரிசைல பர்சனல் மேனேஜர், பர்மனென்ட் லிஸ்ட் போடறவரு, கொட்டாவி விட்டாரு.

அவ்ளோதான். அந்த மனுஷன் ஒரு வார்த்த கேக்கல, என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு ஜாப் கார்டு எடுத்து 'வாலாஜாபாத் வனஜா... பர்சனல் மேனேஜர்'னு நானே எழுதி, நானே மேடைல ஏறி குடுத்தேன்.

படிச்சாரு. என்னப் பாத்தாரு. பாட்ட பாதில நிறுத்திட்டு வனஜா ஆரம்பிச்சாரு. ஒன்ஸ் மோர் கேட்டு கேட்டு மூணு தபா பாட வெச்சானுங்க.

எறங்கி வந்து வயர சுத்திக்கினே, "மேனேஜர் கேட்டா நீ இன்னா பண்ணுவ... வுட்றா"ன்னாரு. சமாதானம் சொல்றாரு எனக்கு. நானும் தலைய ஆட்டினேன்.

எனக்குப் பர்மனென்ட் ஆச்சு. அதுக்கப்புறம் அவரு அந்த மூணு கேசட்டையும் எங்கயும் பாடல, அஞ்சாவதும் போடல. பஸ்ல லிஸ்ட் கேட்டா சிரிச்சுட்டு வுட்டுடுவாரு. பொண்ணு கல்யாணத்துலயும் வனஜா, ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன்லயும் வனஜா.

இன்னிக்கு எடுக்கும்போது பேண்ட் செட்டுக்காரங்க கிட்ட பசங்க வனஜா வாசிக்கச் சொன்னாங்க. நான் ஓடிப் போய் அத நிறுத்தி, 'கரண்ட் இல்லாத ஊரு' வாசிங்கன்னேன். எப்படி சார் போவும், கொஞ்சம் பாடிக் காட்டுங்கன்னாரு ட்ரம்பெட்காரரு.

வாயத் தொறந்தேன். ஒரு வரிகூட வரல. எவ்ளோ யோசிச்சாலும் வனஜாதான் வருது. எஸ்தர் அண்ணி என்னையே பாத்துக்கினு நின்னாங்க.

கடசில வனஜாவத்தான் வாசிச்சாங்க.

அண்ணன் வூட்ல அந்தக் கேசட் ஒரு காப்பி கூட இல்லயாம். 'கரண்ட் இல்லாத ஊரு', நீலக் கலர் அட்ட. யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, எங்க இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கறேன்.

போயிட்டு வாண்ணா.

மேனேஜர் கேக்கல. அந்தச் சீட்ட எழுதினது நான்தான்.