சவ்வரிசிக் களத்தில் சின்ன எஞ்சின்கள்

லாரி எஞ்சின் நின்றுபோனால் பத்துப் பேர் கூடி யோசனை சொல்வார்கள். எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின் நின்றுபோனால் அதே பத்துப் பேர் கூடிச் சிரிப்பார்கள். இந்த வேலையில் விரலைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் ராசிபுரத்தில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மொபெட்டும், தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மிஷினும்தான் பிழைப்பு. வெண்ணந்தூர் போகிற வழியில் சவ்வரிசி மில் வைத்திருந்த பெரியசாமி அண்ணனுக்கு, அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கார் கொண்டுவந்தார். நீளம் ஒரு முழம். கையில் ஒரு ரேடியோ பெட்டியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஓட்டலாம். உள்ளே இருந்தது பொம்மை மோட்டார் அல்ல, நிஜமான எஞ்சின். மில்லில் சவ்வரிசி காயவைக்கிற சிமெண்டுக் களம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். பந்தயம் விட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த எஞ்சினைக் கட்டிக் காக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விளக்கெண்ணெய் வாங்கப் போன கதை

முதல் நாள் நான் செய்த காரியம், மொபெட்டுக்கு ஊற்றுகிற ஆயில் கலந்த பெட்ரோலை அதில் ஊற்றியது. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். கோழிப்பண்ணைகளைச் சுற்றிவரும் மாட்டு டாக்டர் ரங்கநாதன் அந்தப் பக்கம் வந்தவர், பெட்டியில் கிடந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். இது பெட்ரோலில் ஓடாது, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலக்க வேண்டும், நைட்ரோமீத்தேன் கொஞ்சம் சேர்த்தால் வேகம் கூடும் என்றார். மெத்தனால், சேலத்தில் காலேஜ் லேபுகளுக்குச் சாமான் போடுகிற கடையில் கிடைத்தது. நைட்ரோ என்றதும் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அது இல்லாமலே ஓட்டுவது என்று முடிவானது.

விளக்கெண்ணெய்க்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஆமணக்கு விதையை, எங்கள் பேச்சில் கொட்டமுத்தை, ஆட்டுகிற செக்குக்குப் போய், கலப்படம் இல்லாமல் அஞ்சு லிட்டர் வேண்டும் என்றேன். செக்குக்காரர், ஊட்டுல எத்தனை பேருக்கு என்று கவலையோடு விசாரித்தார். ஆளுக்கு இல்லை, காருக்கு என்றேன். அளவு படியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏனுங்க, காருக்குமா வயிறு கட்டிக்குது?"

மூன்றில் ஒன்று

கார் ஓடியதைப் பார்த்த டாக்டருக்கும் ஆசை வந்துவிட்டது. மைத்துனர் அடுத்த தடவை வரும்போது மூன்று எஞ்சின்கள் கொண்டுவந்தார். டாக்டருக்கு ஒன்று எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரியசாமி அண்ணன் இருப்பதிலேயே பெரியதைக் கையில் எடுத்து, இதைத்தான் எடுக்கணும் என்றார். பளபளவென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் எஞ்சின் இல்லாமல் வாங்கியிருந்த கார் லேசானது, பல்சக்கரம் பிளாஸ்டிக். அந்த எஞ்சின் இரண்டே சுற்றில் சக்கரத்துப் பல்லை மென்று துப்பிவிடும்.

மற்ற இரண்டும் ஒரே அளவு. பிளக்கை மாட்டி, எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில் பிஸ்டன் மேலே போகும்போது தடையே இல்லாமல் வழுக்கிப் போனது. அது யாரோ ஓட்டிக் களைத்து, துடைத்துப் புதுசு என்று விற்றது. இன்னொன்றில் பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது இறுகிப் பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. அதுதான் புதுசு என்று டாக்டரிடம் கொடுத்தேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நம்பிக்கைக்கு இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பெரியசாமி அண்ணன் மட்டும் பெரிய எஞ்சினைக் கீழே வைக்க மனசில்லாமல் சொன்னார்: "மாடு புடிக்கறப்ப நாங்க பல்லைப் பாப்போம். நீ மூச்சைப் பாக்கறயே தம்பி."

அண்ணன் திருகிய ஊசி

புது எஞ்சினைப் பழக்குவது எவ்வளவு பெரிய சோதனை என்று பட்டவர்களுக்குத் தெரியும். முதல் ஆறு ஏழு டேங்க் எரிபொருளை, வேகமே எடுக்காமல், புகையைக் கக்கவிட்டு ஓட்ட வேண்டும். எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்பதை ஒரு சின்ன ஊசித் திருகு தீர்மானிக்கும். அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். எஞ்சினுக்குள் போகிற எண்ணெயே அந்த எரிபொருளோடுதான் போகிறது. ஊசியை மூடினால் வேகம் வரும், எண்ணெய் குறையும், சூடு ஏறும்.

நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பெரியசாமி அண்ணன் தன் காருக்கு வந்திருந்த புது எஞ்சினின் ஊசியைத் திருகிவிட்டார். டீக்கடை வரைக்கும் கீச்சென்ற சத்தம் கேட்டது. ஓடிவருவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. பிஸ்டன் இறுகி, எஞ்சின் கல்லாகக் கிடந்தது. நூறு பேரை வைத்து மில் நடத்துகிறவர், என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பழியை என்மேல் போட்டிருக்கலாம், போடவில்லை. "சத்தம் நல்லா ஏறுதேன்னு திருகிப்போட்டேன் தம்பி. அது அழுவுதுன்னு எனக்குத் தெரியல."

பாப்பாத்தி அக்கா கேட்ட கேள்வி

அடுத்த எஞ்சினைப் பழுதில்லாமல் பழக்கினேன். ஆனாலும் இரண்டே மாதத்தில் அதன் மூச்சு போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கீறல். எண்ணெயை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், சிங்கப்பூருக்குக் கடிதம்கூட எழுதினேன். அடுத்து வந்த எஞ்சினும் அதே மாதிரி கீறிக்கொண்டது. இது என் கைராசியோ என்று நொந்துபோய் களத்தோரம் உட்கார்ந்திருந்தேன்.

களத்தை ஒட்டிய கொட்டகையில் சவ்வரிசி சலிக்கிற பாப்பாத்தி அக்கா தண்ணீர் குடிக்க வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார், சொன்னேன். எஞ்சின் எந்த வழியாகக் காற்றை இழுக்கிறது என்று கேட்டார், காட்டினேன். வெறும் கம்பி வலைதான் அதற்கு மூடி. அதில் விரலை வைத்துத் தேய்த்து என்னிடம் நீட்டினார். விரல் நுனியில் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அன்றே ஸ்பாஞ்சை வெட்டி, விளக்கெண்ணெயில் நனைத்துப் பிழிந்து அந்த வாயில் பொருத்தினேன். அதற்குப் பிறகு ஒரு எஞ்சினும் கீறிக்கொள்ளவில்லை. அந்த யோசனைக்கு மூலகாரணம், வேலைக்குத் திரும்பும்போது முகத்துத் துணியை இறுக்கிக்கொண்டே அவர் கேட்ட கேள்விதான்: "மாவு போகாம இருக்க நாங்க மூக்கைக் கட்டிக்கிட்டு நிக்கறோமுங்க. அதைப் பாத்துமா உங்களுக்குத் தோணல?"

தோசைக்கல் வைத்தியம்

ஐப்பசி மழையில் ஒரு மாதம் ஓட்டவே முடியவில்லை. எடுத்துப் பார்த்தால் டாக்டரின் எஞ்சினுக்குள் விளக்கெண்ணெய் பிசினாகக் காய்ந்து, சுற்றவே மறுத்தது. நான் இடுக்கியை எடுத்ததும் என் மனைவி சரசு கையைப் பிடித்துத் தடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த பாத்திரத்தை யாராவது பச்சைத் தண்ணியில் கழுவுவார்களா என்று கேட்டு, எரிபொருளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேனா என்று இரண்டு முறை விசாரித்து, எஞ்சினைச் சூடான தோசைக்கல் மேல் வைத்தாள். கால் மணி நேரத்தில் பிசின் இளகி, சக்கரம் விரலுக்குச் சுற்றியது. ஓட்டி முடித்ததும் எரிபொருளைக் காலி செய்துவிட்டு இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட வேண்டும் என்று அன்றைக்குப் புத்தி வந்தது. டாக்டர் வந்து நன்றி சொன்னபோது, அவள் கல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எஞ்சினு நல்லாயிருச்சுங்க டாக்டர். எனக்கு ஒரு தோசைக்கல் வேணுமுங்க."

சர்பத் பாட்டில்

இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கலந்த எரிபொருளை நான் ஒரு பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி மில் திட்டின்மேல் வைத்திருந்தேன். மில் லாரி டிரைவர் மாரிமுத்து, வாசனையைப் பார்த்துச் சரக்கு என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டார். விளக்கெண்ணெய் தொண்டையில் வழவழத்ததும் குமட்டிக்கொண்டு அப்படியே வாந்தி எடுத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மெத்தனால் கொஞ்சம் உள்ளே போயிருந்தாலும் கண் போகும், உயிரும் போகும் என்று சொல்லி, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தன் ஜீப்பிலேயே அவரைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இரண்டு நாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மாரிமுத்துவின் சம்சாரம் என்னைத் திட்டவில்லை. குடிச்சது அவரு தப்பு, சர்பத் பாட்டில்ல ஊத்தி வெச்சது உங்க தப்பு என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் மாரிமுத்துவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்கு வந்ததும் தகர டப்பாவுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, விஷம் என்று எழுதி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். கொஞ்ச நாள் கழித்து மாரிமுத்து களத்துக்கு வந்தார். பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தார். "பூட்டு மத்தவங்களுக்கு வேணுமுங்க. எனக்கு அந்த விளக்கெண்ணெய் வாடையே போதும்."

ஒரே ஒரு பிளக்

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து நாலு பேர் எங்களோடு பந்தயம் விட இரண்டு சின்னக் கார்களோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தேவராஜ், தருமபுரியில் பிறந்து பெங்களூரில் டர்னர் வேலை பார்த்தவர். அவர்கள் எரிபொருளில் நைட்ரோ இருந்தது. எங்களிடம் செக்கு எண்ணெய் இருந்தது. பந்தயம் அரை மணி நேரம். பெரியசாமி அண்ணன் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று மில் ஆட்கள் எல்லாரையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்.

பாதியில் தேவராஜின் பிளக் எரிந்துவிட்டது. கையிருப்பு எல்லாம் காலையில் ஓட்டிப் பார்த்ததிலேயே தீர்ந்துபோயிருந்தது. எரிந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னிடம் உபரியாக இருந்தது ஒன்றே ஒன்று. பெரியசாமி அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். கொடுத்தேன். இன்னும் அஞ்சு நிமிடம் பாக்கி இருக்கும்போது, முன்னால் ஓடிக்கொண்டிருந்த எங்கள் காரின் பிளக்கும் போனது. தேவராஜின் கார் ஜெயித்தது.

தேவராஜ் தன் காரைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். துணியால் பிடித்து, சூட்டோடு பிளக்கைக் கழற்றினார். எங்கள் எஞ்சினில் தானே மாட்டி, டார்ச் செல்லை வைத்துப் பிளக்கின் கம்பியைப் பழுக்கவைத்து, கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரேடியோ பெட்டியைப் பெரியசாமி அண்ணன் கையில் கொடுத்து, மிச்சமிருக்கிற அஞ்சு நிமிடத்தையும் ஓட்டச் சொன்னார். களத்தில் எங்கள் கார் மட்டும் ஓடியது. வந்தவர்கள் நாலு பேரும் கடைசிச் சுற்று வரைக்கும் வெயிலில் நின்று பார்த்தார்கள். எதுக்குங்க இதெல்லாம் என்று அண்ணன் கேட்டதற்கு, தேவராஜ் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க பிளக்குல என் வண்டி ஓடி முடிச்சிருச்சு. உங்க வண்டி பாதியில நிக்கறதப் பாத்துட்டு நான் எப்படிங்க சோறு திங்கறது?"

ஆக, அந்த வருடங்களில் என் கைக்கு வந்த சின்ன எஞ்சின்கள் ஒன்பது, அதில் பாதியையாவது கெடுத்துப் பாடம் படித்தவன் நான், அதற்கும் எல்லாரும் எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடாத ரிப்பேர்.